கொலைகார விலங்கும் ஒரு பழைய கதவும்: முதல் குறும்படம் எடுப்பவர்களுக்கு

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரத்துக்குப் பக்கத்தில் படமாக்கி, 1959-இல் வெளியிட்ட படம் 'தி கில்லர் ஷ்ரூஸ்'. அதில் வில்லன், நம்ம பிள்ளையாரைச் சுமக்கும் மூஞ்சூறு. ஆராய்ச்சி ஒன்று கைமீறிப் போய், நாய் அளவுக்கு வளர்ந்த மூஞ்சூறுகள் ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களைத் தின்ன வருகின்றன. ஏன் நாய் அளவு? நடித்ததே நாய்கள்தான். மேலே முடிப் போர்வையைக் கட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். இயக்குநர் ரே கெல்லாக், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸில் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பிரிவுக்கே தலைவராக இருந்தவர் என்பதுதான் வேடிக்கை.

படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குறும்படம் எடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வெட்டவெளியில் அந்தக் கூட்டம் ஓடிவரும்போது, அவை நாய்கள் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும். அதே ஜந்து மண் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பிராண்டும்போது வயிற்றைக் கலக்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் வேலை செய்யப்போகிறோம்.

படி 1: விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவில் புலி, சிறுத்தை, சிங்கம், கரடி, குரங்கு, காளை ஆகியவற்றைப் பழக்கி நடிக்கவைக்கத் தடை இருக்கிறது. மற்ற விலங்குகளுக்கும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். முதல் படத்துக்கு இந்த அலைச்சல் எதற்கு? நிஜ விலங்கே வேண்டாம். காட்டுப்பூனையோ, பெருச்சாளியோ, நகமும் மூச்சும் உள்ள எதுவாக இருந்தாலும் சரி. அதன் முழு உடம்பை நாம் காட்டப்போவதில்லை.

படி 2: தடுப்பு ஒன்றை வையுங்கள்

இதில்தான் பாதிப் படம் இருக்கிறது. கெல்லாக்கின் படத்தில் எனக்குப் பிடித்த இடம் கடைசிக் காட்சி. இரும்பு பீப்பாய்களைச் சேர்த்து வெல்டிங் வைத்து, கவிழ்த்துப் போட்டு, உள்ளே குந்தியபடியே நகர்ந்து கடலை நோக்கிப் போகிறார்கள். மனிதத் தோலுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு தகரம், அவ்வளவுதான். செலவு? சில பீப்பாய்கள்.

உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். தோட்டத்து பம்புசெட் அறையின் மரக்கதவு அருமையான தடுப்பு. கீழே நாலு விரல் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே இருப்பவர் ஏன் ஓடவில்லை என்பதற்குக் காரணம் ஒன்று போதும்: வெளியே அடைமழை, அல்லது காலில் அடி. செல்போனில் சார்ஜ் இல்லை என்பதை எல்லோரும் எடுத்துத் தேய்த்துவிட்டார்கள், விட்டுவிடுங்கள்.

படி 3: ஷாட்களை எடுங்கள்

விலங்கின் பார்வைக்கு, தரையில் விரித்த போர்வையின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, போர்வையை மெதுவாக இழுங்கள். கணுக்கால் உயரத்தில் கேமரா வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் கதவுக் காட்சிக்கு இவை மட்டும் போதும்: கதவிடுக்கு வெளிச்சத்தைக் கடக்கும் நிழல், நடிகரின் முகம், ஆடும் தாழ்ப்பாள், இடுக்கு வழியாக நுழையும் பாதம்.

நிழலுக்கு, டார்ச் முன்னால் சுருட்டிய துணியை நகர்த்தினால் போதும். பாதத்துக்குப் பழைய கம்பளிக் கையுறையில் தேங்காய் நாரை ஒட்டுங்கள். நகங்களுக்குச் சீவிய மூங்கில் குச்சி. எடுக்கும் முன் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள், ஈரம் பசையின் அசிங்கத்தை மறைத்துவிடும். எடிட்டிங்கில் பாதத்துக்கு அரை நொடிக்கு மேல் தராதீர்கள். முகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம்.

படி 4: சத்தம்

படம் எடுக்க ஒரு நாள் ஒதுக்கினால் சத்தத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஆரம்பத்தில் யாரும் இதைச் செய்வதில்லை, அதனால்தான் பெரும்பாலான பேய்க் குறும்படங்கள் கல்யாண வீடியோ மாதிரி இருக்கின்றன.

மூச்சுக்கு: மண்பானைக்குள் வாயை வைத்து மூச்சுவிட்டு செல்போனில் பதியுங்கள். எடிட்டிங் செயலியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், பெரிய நெஞ்சுக்கூட்டிலிருந்து வருவது போல் ஆகிவிடும். பிராண்டலுக்கு: உடைந்த கொட்டாங்குச்சியின் விளிம்பால் கதவைச் சுரண்டுங்கள், சீராக அல்ல, விட்டு விட்டு. எலும்பு முறிய: முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி உடையுங்கள். துணி இல்லாவிட்டால் சாம்பார் ஞாபகம்தான் வரும்.

இதையெல்லாம்விடப் பெரியது அமைதி. 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில், இரவில் தனியாக நடந்துபோகும் பெண்ணின் காலடிச் சத்தத்தை மட்டும் வைத்து நம்மைக் காக்க வைப்பார் இயக்குநர் ஜாக் டூர்னர். சிறுத்தை பாயப்போகிறது என்று நினைக்கும்போது சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து! நீங்களும் தாக்குதலுக்கு முன் பிராண்டலை அடியோடு நிறுத்துங்கள். ஐந்து நொடி மழை மட்டும் கேட்கட்டும்.

படி 5: ரத்தம்

சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், ஒரு சொட்டு காபி டிகாக்ஷன். சட்டையில் கறை போகாது, பழைய சட்டையாகப் பாருங்கள்.

படி 6: எடிட்டிங்

கோர்த்து முடித்ததும் கதை தெரியாத ஒருவரிடம் ஹெட்போனைக் கொடுத்து, திரையை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். கதவு எங்கே, விலங்கு எந்தப் பக்கம் என்று அவரால் சொல்ல முடியவில்லையா? படி 4-க்குத் திரும்புங்கள். சரியாகச் சொல்லிவிட்டால், பாதம் வரும் ஷாட்டை எடுத்துவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது இல்லாமலே பயம் வந்தால் கையுறையை அடுத்த படத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.