கடலூர்க் காற்றில் ஜெல் நிற்குமா?

தலைமுடிக்கு என்ன ஸ்டைல் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், ஜெல் டப்பா வாங்குவது அப்புறம். பக்க வகிடு எடுத்துப் பளபளவென்று படிய வாரிய தாத்தா காலத்துத் தலைக்கும் ஜெல்லுக்கும் சம்பந்தமே இல்லை. அது தேங்காய் எண்ணெய், கொஞ்சம் வசதி இருந்தால் பிரில்கிரீம். 1928ல் பர்மிங்ஹாமில் வந்த அந்த க்ரீமில் கனிம எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் வைத்தது தேன்மெழுகு. எண்ணெய் காயாது என்பதால் மினுமினுப்பு நிற்கும், கலைந்தால் சீப்பை எடுத்துத் திரும்ப வாரிக்கொள்ளலாம். நெற்றிமேல் முடியைக் குருவிக்கூடு மாதிரி சுருட்டி ஏற்றவும் இந்த வகைதான் சரி. (அயர்லாந்தில் 2003ல் சதுப்பு நிலத்தில் கிடைத்த, 2,000 வருடத்துக்கு மேல் பழைய ஓர் ஆளின் தலையில்கூடத் தாவர எண்ணெயும் பைன் பிசினும் இருந்தன. அந்தக் காலத்திலேயே அலப்பறை!) ஹிப்பி முடிக்கு எதுவுமே வேண்டாம்.

முடியை முள் முள்ளாக நிறுத்தும் ஸ்பைக்குக்குத்தான் ஜெல். அதில் பெரும்பாலும் தண்ணீர்தான். அதைக் கெட்டியாக்க கார்போமர் என்ற வேதிப்பொருள், முடியைப் பிடித்து நிறுத்த பிவிபி மாதிரி ஒரு பாலிமர் (பசை மாதிரி ஒட்டும் பொருள்). தண்ணீர் போனதும் பாலிமர் முடிமேல் மெல்லிய படலமாகக் காயும். நம் ஊர்ச் சிக்கல் என்னவென்றால், பிவிபி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதனால் காலையில் விறைப்பாக நின்ற தலை சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்சுக்கோ புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கோ போனால் பிசுபிசுவென்று படுத்துவிடும். நிறைய அப்பினால் நிற்கும் என்று நினைக்காதீர்கள், பிசுபிசுப்புதான் கூடும்.

எண்ணெய்த் தலையில் ஜெல் ஒட்டாது. ஷாம்பு போட்டு அலசி, துண்டால் துவட்டி, லேசான ஈரம் இருக்கும்போதே சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து, பின்னந்தலையில் ஆரம்பித்து முன்பக்கம் வரை தடவுங்கள், இல்லாவிட்டால் மொத்தமும் நெற்றி முடியிலேயே கட்டியாக நின்றுவிடும். விரலால் தூக்கிவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். காயும் வரை தொடக் கூடாது, காய்ந்த பிறகு சீப்பு கூடாது. வாரினால் படலம் உடைந்து பொடுகு மாதிரி வெள்ளையாக உதிரும். ஹெல்மெட் நசுக்கிவிட்டதா? விரலை நனைத்து முடியைத் தூக்கிவிடுங்கள், படலம் இளகித் திரும்பக் காயும்.

கடை ஜெல் பிடிக்காதவர்கள் கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு வடிகட்டுங்கள், ஆறினால் வடியவே வடியாது. ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சுருட்டை முடிக்கு அருமை, ஸ்பைக் மட்டும் கேட்காதீர்கள்.