போன்தான் கடை: சிறு தொழிலுக்கு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பக்கம் தொடங்குவது எப்படி?

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வயலில் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், தூயமல்லி, கருப்புக் கவுனி போடுகிறோம். நெல்லாகவே வியாபாரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஐந்து வருடமாக அரிசியாகவும் அவலாகவும் நேரே வீடுகளுக்கு விற்கிறோம். கடை கிடையாது, போன்தான் கடை. வடகம் போடுகிறவர்கள், ப்ளவுஸ் தைக்கிறவர்கள், கூடை பின்னுகிறவர்கள் என்று அக்கம்பக்கத்தில் பலர் "எப்படித் தொடங்குறது தம்பி?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

வாசலில் நின்று வாங்குகிறவர் நாலு கேள்வி கேட்பார். என்ன விலை? எப்போது அரைத்தது? எப்படிச் சமைப்பது? சரியில்லை என்றால் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா? உங்கள் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு இந்த நாலுக்கும் அங்கேயே பதில் கிடைக்க வேண்டும். படம், வீடியோ, விளம்பரம் எல்லாம் அதற்குத்தான்.

முதலில் ஒரு நோட்டு

போனைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பொருளின் விலை, பார்சல் செலவு, வாரத்துக்கு எவ்வளவு கொடுக்க முடியும், எந்தக் கிழமைகளில் அனுப்புவீர்கள். நாங்கள் இதை எழுதாமல் தொடங்கி, முதல் மாதமே பார்சல் செலவில் கையைக் கடித்துக்கொண்டோம்.

உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். வீட்டு அடுப்படியில் செய்து விற்றாலும் வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கிற 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டிலும் பக்கத்திலும் போட்டுவிடுங்கள். உங்களை முன்பின் தெரியாதவர் முதலில் தேடுவது அதைத்தான்.

வாட்ஸ்அப் பிசினஸ்

எல்லோரும் ஃபேஸ்புக்கில் இருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் வாட்ஸ்அப் பிசினஸில் தொடங்கச் சொல்வேன். எங்கே பார்த்தாலும் ஆர்டர் கடைசியில் வந்து சேர்வது வாட்ஸ்அப்புக்குத்தான். செயலி இலவசம். தொழிலுக்கென்று தனி எண் வாங்கிவிடுங்கள். அப்போது ஒரே போனில் வீட்டு வாட்ஸ்அப்பும் தொழில் வாட்ஸ்அப்பும் தனித்தனியாக ஓடும்.

உள்ளே போனதும் முகவரி, வேலை நேரம், ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். அடுத்தது கேட்டலாக். ஒவ்வொரு பொருளுக்கும் படம், எடை, விலை போட்டுவைத்தால் அதுவே உங்கள் கடை அலமாரி. பத்து பொருளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முதல் மெசேஜ் அனுப்புகிறவருக்குத் தானாகப் போகும் வணக்கச் செய்தியை எழுதிவையுங்கள். "வணக்கம். விலைப்பட்டியல் கேட்டலாக்கில் இருக்கிறது. காலை 10 முதல் இரவு 8 வரை பதில் சொல்வோம்" என்றால் போதும். அடிக்கடி வரும் கேள்விக்கு குயிக் ரிப்ளை இருக்கிறது. வங்கி விவரம், சமையல் குறிப்பு போன்றவற்றை ஒருமுறை எழுதிச் சேமித்துவிட்டால், சாய்கோடு (/) போட்டு ஒரு சொல்லை அடித்ததும் முழுதாக வந்து நிற்கும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. அதில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் எண் சேமித்திருக்க வேண்டும். அதனால் பார்சலுக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புது அரிசி வந்ததும் சொல்கிறோம்." எங்கள் ஊர்ப்பக்கம் ஃபேஸ்புக்கே திறக்காத அத்தைகள்கூடக் காலையில் ஸ்டேட்டஸ் பார்க்காமல் இருப்பதில்லை. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம்

உங்கள் சொந்தக் கணக்கிலேயே விற்காதீர்கள். அதில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. குடும்பப் படமும் வியாபாரமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். தொழிலுக்கு பேஜ்தான் சரி. மூன்று கோடு போட்ட மெனுவில் பேஜஸ் போய், கிரியேட் தொட்டு, பெயரும் தொழில் வகையும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடும். பெயரில் பொருளும் ஊரும் இருக்கட்டும், வாயில் நுழைகிற மாதிரி இருக்கட்டும். எல்லா இடத்திலும் அதே பெயர், அதே முகப்புப் படம். பேஜில் வாட்ஸ்அப் பொத்தான் வைக்க மறக்காதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் கணக்குத் திறந்து, செட்டிங்ஸில் புரொஃபெஷனல் (தொழில்) கணக்காக மாற்றி, பேஜோடு இணைத்துவிடுங்கள். ஒருமுறை போட்டால் இரண்டிலும் வரும். தெருவில் கடையே இருக்கிறது என்றால் கூகுள் மேப்பில் பிசினஸ் புரொஃபைலும் சேர்த்துவிடுங்கள். அதற்கும் காசு இல்லை.

படம்

பெரிய கேமரா வேண்டாம். காலை ஏழு எட்டு மணி வெயில், திண்ணை ஓரம், லென்ஸைத் துடைக்க ஒரு பருத்தித் துணி. அரிசியை முறத்தில் பரப்பி ஒரு படம், சோறாக வடித்து வாழையிலையில் வைத்து ஒரு படம். இரண்டும் சேர்ந்தால்தான் வாங்குகிறவருக்குப் புரியும். இணையத்தில் எடுத்த படத்தை ஒருநாளும் போடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது படத்தில் பார்த்த நிறம் இல்லையென்றால் அந்த வீடு உங்களுக்கு இல்லை.

என்ன எழுதுவது?

எல்லோரும் திணறுவது இங்கேதான். "தினமும் என்ன போடுறது?" என்று கேட்கிறார்கள். தினமும் வேண்டாம், வாரத்துக்கு மூன்று போதும். விஷயத்துக்கும் நமக்குப் பஞ்சமே கிடையாது, காவிரி டெல்டாவின் வருடமே நமக்கு நாள்காட்டி.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்கள். எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர நாளாகும். வெடித்துக் கிடந்த தரையில் முதல் தண்ணீர் ஊர்ந்து வருவதை ஒருமுறை முப்பது வினாடி எடுத்துப் போட்டேன். அரிசியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் அதைப் பகிர்ந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு நாளில் ஒரு அக்கா மெசேஜ் அனுப்பினார்: "தம்பி, அம்மா கூத்தாநல்லூர்ல இருக்காங்க. அங்க அஞ்சு கிலோ கொடுத்துட முடியுமா?" வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிற பெற்றோருக்கு வாங்கித் தருவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. இன்று எங்கள் வியாபாரத்தில் பெரிய பங்கு அதுதான்.

ஆடிப்பெருக்குக்கு முன் காப்பரிசிக்கு எந்தப் பச்சரிசி நன்றாக இருக்கும் என்று எழுதுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதையும் காயவைக்க முடியாது. "வெயில் இல்லை, அவல் பத்து நாள் தாமதமாகும்" என்று உள்ளதை உள்ளபடி போடுவோம். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது. தை, மாசியில் சம்பா அறுவடை, களத்துமேடு, புது அரிசி. மற்ற தொழிலுக்கும் இப்படிக் காலம் உண்டு. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்பவருக்குக் கார்த்திகை, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு நவராத்திரி, திருபுவனம் பட்டுக்கு முகூர்த்த மாதங்கள். இந்த மூன்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு. அந்த ஊர்ப் பொருளை விற்கிறவர் அதைப் பக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும். வேறு ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது.

எங்கள் பதிவுகளில் அதிகம் பகிரப்பட்டது ஒரு சமையல் குறிப்பு. கருப்புக் கவுனி வாங்கியவர்கள் "வேகவே இல்லை" என்று போன் செய்துகொண்டிருந்தார்கள். முந்தின இரவே ஊறப்போட வேண்டும் என்று அம்மா சொல்வதை அப்படியே எடுத்துப் போட்டோம். புகார் நின்றது, அரிசியும் விற்றுப்போனது.

விலையை மறைக்காதீர்கள். "இன்பாக்ஸில் வாங்க" என்று எழுதினால் பாதிப் பேர் அப்படியே போய்விடுவார்கள். நோயைக் குணமாக்கும் என்றும் எழுதாதீர்கள். பாரம்பரிய அரிசி விற்கிறவர்கள் பலர் சர்க்கரை நோய் தீரும் என்று போடுகிறார்கள், பார்க்கவே பதறுகிறது. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆவது? அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது, அதன் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது.

பணம் கட்டி விளம்பரம்

மூன்று மாதம் சும்மா போட்டுப் பழகிய பிறகு யோசிக்கலாம். ஏற்கெனவே நன்றாகப் போன ஒரு பதிவை எடுத்து, நாளுக்கு 200 ரூபாய் வீதம் மூன்று நாள் பூஸ்ட் (பணம் கட்டி அதிகம் பேருக்குக் காட்டுவது) செய்து பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். நோக்கம் என்று கேட்கும் இடத்தில் லைக்கைத் தேர்ந்தெடுக்காமல் மெசேஜைத் தேர்ந்தெடுங்கள். எந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டுவது என்ற இடத்தில், பார்சலில் போகிற பொருளுக்குச் சென்னை, கோயம்புத்தூர் என்று வையுங்கள். தையல் கடைக்கு உங்கள் ஊரைச் சுற்றிச் சில கிலோமீட்டர் போதும்.

பூட்டு

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். இரண்டாவது வருடம் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது: விதிமீறல், உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், தடுக்க இங்கே தொடவும். பதறிப்போய்த் தொட்டுக் கடவுச்சொல்லைப் போட்டுவிட்டேன். மறுநாள் பக்கம் என் கையில் இல்லை. இரண்டு வருடம் சேர்த்த ஆட்கள் அப்படியே போனார்கள். புதிதாகத் தொடங்கினோம்.

எல்லாக் கணக்கிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போட்டுவிடுங்கள். பேஜுக்கு வீட்டில் இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேருங்கள், போன் தொலைந்தால் உதவும். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போடத் தேவையே இல்லை. போடச் சொல்கிறவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வாங்கியவரைத் திரும்ப வரவைப்பது

வாட்ஸ்அப் பிசினஸில் உரையாடல்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டும் லேபிள் உண்டு. "பணம் வரணும்", "பார்சல் போச்சு", "திரும்பக் கேட்கணும்" என்று நாங்கள் மூன்று வைத்திருக்கிறோம். ஐந்து கிலோ வாங்கிய வீட்டுக்கு ஒரு மாதம் கழித்து அம்மா ஒரே ஒரு குரல் செய்தி அனுப்புவார்: "அரிசி நல்லா வெந்துச்சாம்மா? தீந்து போச்சுன்னா சொல்லுங்க, புதன்கிழமை அரைக்கிறோம்."