"லாம்ப் மட்டும் மாற்ற வேண்டும்": பழைய புரொஜெக்டர் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய புரொஜெக்டர் விற்பனைக்கு வரும்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் கூடவே வரும்: "நல்ல கண்டிஷன், லாம்ப் மட்டும் மாற்ற வேண்டும்." அந்த 'மட்டும்' என்ற ஒரு சொல்லை நம்பிப் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். லாம்ப் எரியாத புரொஜெக்டரை முழுமையாகச் சோதிக்க வழியே கிடையாது. படம் வராதபோது உள்ளே படத்தை உண்டாக்கும் எல்சிடி பகுதி கருகியிருக்கிறதா, ஒளிக்கு நிறம் தரும் சுழல் தட்டான கலர் வீல் நின்றுவிட்டதா, லாம்புக்கு மின்சாரம் தரும் பாலஸ்ட் போய்விட்டதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது.

இந்தக் கருவிகள் எனக்கு உயிர். கையில் எடுத்தால் கனக்கும் கண்ணாடி லென்ஸ், திருகித் திருகிப் படத்தை மேலும் கீழும் நகர்த்தும் லென்ஸ் ஷிப்ட், உறுதியான உலோக உடம்பு எல்லாம் இன்றைய மலிவுக் கருவிகளில் கிடைப்பதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லேரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லு 1996-இல் டிஎல்பி புரொஜெக்டராகச் சந்தைக்கு வந்தது. கண்ணுக்கே தெரியாத லட்சக்கணக்கான கண்ணாடிகள் அசைந்து அசைந்து ஒரு படத்தை உண்டாக்குவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். அதனால் 'வாங்காதே' என்று சொல்ல வரவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் இடங்கள் எவை என்றுதான் சொல்கிறேன்.

அன்றைய விலையைப் பார்த்து மயங்குவது

"புதிதாக வந்தபோது ஒரு கார் விலை, இப்போது இவ்வளவுதானா!" என்று தோன்றும் கணம்தான் ஆபத்தானது. சோனியின் குவாலியா 004-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1920×1080 புள்ளிகள், 700 வாட் செனான் லாம்ப். அதன் காலத்தில் வீட்டுத் திரைக்கு அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை. இன்று அதை வாங்குபவர் அந்த 700 வாட் வெப்பத்தையும் சேர்த்தே வாங்குகிறார், அந்த லாம்பைத் தேடும் வேலையையும் சேர்த்தே வாங்குகிறார். கருவி எவ்வளவு உயர்ந்ததோ, அதன் உதிரிபாகம் அவ்வளவு அரிது. சாதாரண அலுவலகப் புரொஜெக்டர் ஆயிரக்கணக்கில் விற்றிருக்கும், அதற்கு லாம்ப் எப்படியும் கிடைத்துவிடும். சிலர் மட்டுமே வாங்கிய உயர்ரகக் கருவிக்கு அந்த வசதி இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, '1080 சப்போர்ட்' என்ற வரியை அப்படியே நம்புவது. அது கருவி உள்வாங்கும் சிக்னலைச் சொல்கிறது, திரையில் விழும் புள்ளிகளை அல்ல. உள்ளே இருக்கும் சில்லு 800×600 ஆகவோ 1024×768 ஆகவோ இருக்கலாம். 1080 சிக்னலை வாங்கிச் சுருக்கித்தான் காட்டும். 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ன என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், மாடல் எண்ணை வைத்துக் கையேட்டை நீங்களே தேடிப் பாருங்கள்.

லாம்பைக் கடைசியில் யோசிப்பது

என்னைக் கேட்டால் வரிசையையே தலைகீழாக்க வேண்டும். முதலில் லாம்ப், அப்புறம்தான் புரொஜெக்டர். பேரம் பேசும் முன்பே லாம்பின் பார்ட் நம்பரைக் கேட்டு வாங்கி, அது இன்று எங்காவது கிடைக்கிறதா, என்ன விலை என்று பாருங்கள். பல்பைத் தாங்கும் சட்டமான கூண்டோடு வருகிறதா, வெறும் பல்பாக வருகிறதா என்பதையும் கவனியுங்கள். வெறும் பல்பு மலிவுதான். ஆனால் அதைப் பழைய கூண்டில் பொருத்தும்போது ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் வெளிச்சம் குறையும். காரணம், இந்தப் பல்புகளில் ஒளி பிறக்கும் இடைவெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்.

1990-களின் நடுவிலிருந்து வந்த பெரும்பாலான கருவிகளில் இருப்பது யூஎச்பி வகைப் பாதரச லாம்ப். எரியும்போது உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 200 மடங்கைத் தொடும். குவார்ட்ஸ் கண்ணாடியை வெறும் விரலால் தொட்டால், விரலின் எண்ணெய் ஒட்டிய இடம் சூட்டில் வெளுத்து, பலவீனமாகிவிடும். அதனால் கையுறை போட்டுக்கொண்டு பிடியுங்கள், தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். ஆயுள் முடிந்த லாம்பை 'எரிகிறவரை எரியட்டும்' என்று ஓட்டுவதும் வேண்டாம். வெடித்தால் பாதரச ஆவி அறைக்குள் வரும். அப்படி ஆனால் சன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியேறிச் சிறிது நேரம் கழித்துத்தான் உள்ளே போக வேண்டும். வாக்குவம் கிளீனரை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அது ஆவியை இன்னும் பரப்பும்.

மெனுவில் தெரியும் லாம்ப் நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எண்ணைப் பல கருவிகளில் கையாலேயே பூஜ்யமாக்கிவிடலாம். புது லாம்ப் போட்டவர் அதைச் செய்ய மறந்திருக்கலாம், பழைய லாம்பை வைத்துக்கொண்டே செய்தவரும் உண்டு. 2000 மணி நேர ஆயுள் என்றால் அதுவரை பளிச்சென்று எரியும் என்பதும் பொருளல்ல. வழக்கமாக வெளிச்சம் பாதியாகக் குறைவதற்கான கணக்கு அது. எனவே எண்ணைவிட்டுத் திரையைப் பாருங்கள். இருட்டிய அறையிலும் வெள்ளை சாம்பல் பூத்தாற்போல இருந்தால், மெனு என்ன சொன்னாலும் லாம்ப் கிழடுதட்டிவிட்டது.

லாம்ப் பற்றவே இல்லையா? ஸ்விட்சைப் போட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக் டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம் வந்து, ஓய்ந்து, மறுபடி வந்தால், பாலஸ்ட் பற்றவைக்க முயல்கிறது, பழுது லாம்பிலேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஃபேன் மட்டும் சுற்றி, அந்த டிக் சத்தம் வரவே இல்லை என்றால், பாலஸ்ட், லாம்ப் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்விட்ச், கலர் வீல் என்று சந்தேகம் பல பக்கம் போகும். அந்த நிலையில் இருப்பதற்கு உதிரிபாக விலை மட்டுமே கொடுக்கலாம்.

பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டுவது

சில வருடங்களுக்கு முன் ஓர் எல்சிடி புரொஜெக்டரை அப்படித்தான் வாங்கினேன். விற்றவர் ஓடவிட்டது இரவுக் காட்சிகள் நிறைந்த ஒரு சண்டைப் படம். பத்து நிமிடம் பார்த்தேன், அருமையாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பனிமலை பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போட்டேன். முக்கால் மணி நேரம் போனதும் இடது மேல் மூலையில் பனியின்மேல் யாரோ மஞ்சள் தடவியதுபோல ஒரு கறை. சூடேறச் சூடேற அது விரிந்தது. இருட்டுக் காட்சியில் அது கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

எல்சிடி கருவிகளில் ஒளி மூன்றாகப் பிரிந்து சிவப்பு, பச்சை, நீலத் தகடுகள் வழியே போகும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் போலரைசர் என்ற மெல்லிய படலம் இருக்கும். பழையவற்றில் அது கரிமப் பொருளால் ஆனது, வெப்பமும் கடும் ஒளியும் வருடக்கணக்கில் அதைச் சுட்டுவிடும். நீல வழியில் போகிற ஒளிதான் அதிக ஆற்றல் கொண்டது என்பதால் முதலில் அடிபடுவதும் பெரும்பாலும் அந்த வழியில் உள்ள படலம்தான். வெள்ளையில் மஞ்சள் கறையாகவோ, கறுப்பில் நீலப் படிவாகவோ தெரியும். சில மாடல்களில் படலத்தை மாற்றலாம், நுணுக்கமான கை வேண்டும்.

ஆகவே படத்தோடு, முழு வெள்ளை, முழு கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெறும் படங்களையும் லேப்டாப்பில் எடுத்துப் போங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஓடட்டும். வெள்ளையில் கறை தெரியும். கறுப்பில் டிஎல்பி சில்லின் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவை சிக்கிக்கொண்ட நுண்கண்ணாடிகள். ஒன்றிரண்டாகத் தொடங்கி நாளடைவில் நட்சத்திரம்போலப் பெருகிய சில்லுகள் உண்டு என்பதால் நான் அதை எடுக்கவே மாட்டேன். கறுப்புத் திரையில் பச்சையாகவோ நீலமாகவோ மங்கலான குமிழ் தெரிந்தால், அந்த நிறத் தகட்டில் தூசி உட்கார்ந்திருக்கிறது. ஃபோகஸை லேசாகக் கலைத்துப் பாருங்கள், தூசி சட்டென்று துலங்கும். இது பயப்பட வேண்டிய குறை அல்ல, சுத்தம் செய்யலாம்.

ஒற்றைச் சில்லு டிஎல்பி என்றால் கலர் வீலைக் கேட்டுப் பார்ப்பது அவசியம். 'இரண்டு மடங்கு' வேக வீல் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும். பேரிங் தேய்ந்தால் கொசு காதருகில் பறப்பதுபோல ஒரு கீச்சொலி வரும், ஃபேன் சத்தத்தோடு கலக்காமல் தனியாகக் கேட்கும். அப்புறம் கண்ணைத் திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சட்டென ஓட்டுங்கள். வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் சிதறல் தெரிந்தால், அது கருவியின் பழுதல்ல, உங்கள் கண்ணின் வேகம். ஆனால் தினமும் பார்க்கப் போகிறவர் நீங்கள்தானே. வீட்டில் உள்ளவர்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவது

லென்ஸை எல்லோரும் பார்ப்பார்கள், பின்னால் என்ன துளைகள் இருக்கின்றன என்று சிலரே பார்ப்பார்கள். டிஜிட்டல் படத்துக்கான டிவிஐ இணைப்பு 1999-இல் வந்தது. எச்டிஎம்ஐ 2002-இன் கடைசியில் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்துக் கருவிகளில் டிவிஐ இருக்கும், ஆனால் எச்டிசிபி என்ற நகல் தடுப்புக்கான ஏற்பாடு இல்லாமல் இருக்கலாம். சின்ன மாற்றி ஒன்றை மாட்டினால் எச்டிஎம்ஐ கேபிள் பொருந்திவிடும், கணினியின் படமும் வரும். ப்ளூ-ரேயோ ஓடிடி பெட்டியோ மாட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும். மாற்றியையும் கேபிளையும் குறை சொல்லிச் சொல்லி வேறு வாங்கிக்கொண்டே இருப்பார்கள் சிலர். கோளாறு அங்கே இல்லை, எச்டிசிபி இல்லாததில்தான் இருக்கிறது.

"காம்போனென்ட் என்ற அனலாக் துளை இருக்கிறதே, அதில் எடுத்துக்கொள்ளலாம்" என்பதும் முழுமையாக நடக்காது. 2010-க்குப் பின் தயாரான ப்ளூ-ரே பிளேயர்கள் அந்த வழியில் ப்ளூ-ரே படங்களுக்குச் சாதாரணத் தரத்தையே தரும், 2013-க்குப் பின் தயாரானவற்றில் அந்த வழியே இல்லை. அனலாக் துளைகள் மட்டும் உள்ள கருவிக்கு, அதே காலத்துப் பழைய பிளேயரோ விளையாட்டுக் கன்சோலோ ஜோடியாக இருந்தால் அது சொர்க்கம். இன்னொன்று: சில 720 வரிக் கருவிகள் 1080i (பாதிப் பாதி வரிகளாக வரும் சிக்னல்) ஏற்கும், 1080p (முழுப் படமாக வருவது) ஏற்காது. உங்கள் வீட்டுப் பெட்டியையே எடுத்துப்போய் மாட்டிப் பார்ப்பதுதான் சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை.

அறையின் நீளத்தை அளந்துவிட்டுப் போங்கள். த்ரோ விகிதம், அதாவது தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தால் வருவது, 2 என்றால் 2 மீட்டர் அகலத் திரைக்கு 4 மீட்டர் தூரம் வேண்டும். பழைய கருவிகள் தூரம் கேட்பவை. பக்கவாட்டில் வைத்து, கோணலான படத்தைச் சதுரமாக்கும் கீஸ்டோன் வசதியால் நேராக்கிவிடலாம் என்று நினைத்தால், ஏற்கெனவே குறைவாக உள்ள புள்ளிகளில் கொஞ்சம் அதற்கே போய்விடும். ரிமோட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில மாடல்களில் அது இல்லாமல் முக்கியமான மெனுக்களுக்குள் போகவே முடியாது.

வாங்கியாயிற்று என்றால், பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். பவர் சப்ளையின் பெரிய மின்தேக்கிகளில் பிளக்கை எடுத்த பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். முதல் வேலையாகக் காற்று ஃபில்டரைத் துடைத்தாலே பாதிச் சூட்டுப் பிரச்சினை தீரும். அணைத்ததும் ஃபேன் நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்க வேண்டாம். தொலைவுக்குக் கொண்டுபோவதானால், யூஎச்பி லாம்ப் நன்றாக ஆறியபின் கூண்டோடு கழற்றித் தனியே பஞ்சில் பொதிந்து எடுத்துச் செல்லலாம். செனான் லாம்ப் அப்படி அல்ல. அணைந்து குளிர்ந்திருந்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கும். முகத்துக்கும் கைக்கும் பாதுகாப்பு அணியாமல், பழகிய ஆள் இல்லாமல் அதைக் கழற்ற இறங்காதீர்கள்.