வைஃபை இருக்கும் வீட்டில் டேட்டா பேக் எதற்கு?

பெங்களூரு வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, அப்பா அம்மா அதிகம் வெளியே போகாதவர்கள் என்றால், அவர்கள் நம்பருக்கு டேட்டா இல்லாத, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் போடுங்கள். மொபைல் நிறுவனங்கள் இப்படி ஒரு பேக் தந்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. 365 நாள் வரை வேலிடிட்டி தரலாம். ரீசார்ஜ் ஆப்பில் இது முதலில் கண்ணில் படாது (படவா விடுவார்கள்?), கடைசி வரை தேடுங்கள். வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருவதால் சிக்கலில்லை. வைஃபையில் வாட்ஸ்அப்பும் ஓடும்.

ஆனால் வெளியே ‘நம்ம யாத்ரி’ ஆப்பில் ஆட்டோ பிடிக்கிறவர்களுக்கும், கடையில் யுபிஐயில் பணம் கட்டுகிறவர்களுக்கும் இது சரிவராது. அடிக்கடி கரண்ட் போய் மோடமும் அணைந்துவிடும் ஏரியா என்றாலும் யோசியுங்கள்.