சேலத்துப் பூட்டனைத் தேட: பெயரை விட்டுப் புல எண்ணைப் பிடியுங்கள்

நம் பக்கம் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெரியண்ணன் மகன் காளியப்பன், அவர் மகன் மறுபடியும் பெரியண்ணன். பங்காளி வீட்டிலும் ஒரு பெரியண்ணன் இருப்பார். பெயரை மட்டும் நம்பினால் யாரோ ஒருவரின் பூட்டனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவீர்கள். காடு கழனி இருந்த குடும்பம் என்றால் புல எண்தான் (நிலத்தின் சர்வே நம்பர்) பிடிமானம்.

இன்றைய பட்டாவில் உள்ள எண்கள் பலவும் 1980-களின் யூ.டி.ஆர். (நில ஆவணங்களைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) பணியில் மாறியவை. தாலுகா அலுவலகத்தில் யூ.டி.ஆர். அ-பதிவேட்டு (ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் பதிவேடு) நகல் கேளுங்கள். பழைய புல எண்ணும் அதில் இருக்கும். இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

பழைய எண்ணோடு சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். ஆன்லைன் வில்லங்கம் (நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு முன்னால் போகாது. அதற்கு முந்தையதைக் கையால் தேட மனுக் கொடுக்க வேண்டும். கிரையமும் பாகப்பிரிவினையும் 1-ஆம் புத்தகத்தில், உயில் 3-ஆம் புத்தகத்தில். உயில் எழுதியவர் இறந்துவிட்டார் என்று காட்டினால் யார் கேட்டாலும் நகல் உண்டு.

பத்திரத்தில் பலரும் தாண்டிப் போகிற இடம் நான்கெல்லை விவரம். 'காளியப்பன் காட்டுக்குத் தெற்கு, முத்து காட்டுக்கு வடக்கு' என்று இருந்தால் அவர்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பிகளே. பாகம் பிரிந்த நிலம் பக்கத்தில்தானே கிடக்கும்? அவர்கள் பத்திரங்களையும் எடுங்கள். தகப்பன் பெயர் ஒன்றாக வந்தால் ஒரு தலைமுறை உறுதி. பெண்கள் பெயர் அரிது. 'மைனர் மகனுக்குத் தாயும் கார்டியனும்' என்ற வரியிலும், 1956 வாரிசுச் சட்டத்துக்குப் பிந்தைய விடுதலைப் பத்திரங்களிலும் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) தேடுங்கள்.

கணக்குகளில் பசலி ஆண்டு (வருவாய்த் துறையின் ஜூலை முதல் ஜூன் வரையான ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1325 என்பது 1915 ஜூலை முதல் 1916 ஜூன் வரை. 'விக்கிரம' என்று அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் 1880-ஆ 1940-ஆ என்பதை முத்திரைத்தாளில் இருக்கும் அரசி அல்லது அரசர் தலை சொல்லிவிடும்.

மிட்டா ஊர்களில் (ஜமீன் போல மிட்டாதார் வரி வசூலித்த ஊர்கள்) ஒரு சிக்கல். குடிகள் கணக்கை மிட்டாதாரே வைத்திருந்ததால், 1948 ஜமீன், மிட்டா ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில்தான் பல குடிகளின் பெயர் முதன்முதலாக ஏறியிருக்கும். பூட்டன் நாமக்கல், ராசிபுரம் பக்கம் என்றாலும் பழைய காகிதத்தில் சேலம் ஜில்லா என்றே இருக்கும். நாமக்கல் பிரிந்தது 1997-இல், தர்மபுரி 1965-இல்.

ஏற்காட்டு எஸ்டேட் ஆட்களுக்கு நிலமே இருக்காது. செக்ரோல் (எஸ்டேட்டின் ஆள் வருகை, கூலிப் பதிவேடு), பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கிறிஸ்தவர்களானால் ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவற்றைப் பாருங்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர் என்றால் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் உண்டு. ஊர்ப்பெயரை ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பிடிபடும்.