இரவில் காதுக்குள் உறுமல்: தாழ்ந்த சுருதி இரைச்சலோடு தூங்கப் பழகுவது எப்படி

காது இரைச்சல் என்றதும் பலருக்கு நினைவு வருவது ‘ஙொய்’ என்று ஊசி போல ஏறும் சத்தம். எனக்குக் கேட்பது அது இல்லை. தெருமுனையில் லாரியை நிறுத்திவிட்டு இன்ஜினை அணைக்காமல் போனால் எப்படி இருக்கும், அப்படி ஓர் உறுமல். பகலில் தெரியாது. இரவு 11 மணிக்கு வீடு அடங்கியதும் தொடங்கும். முதல் இரண்டு வாரம் பக்கத்து வீட்டு மோட்டார் என்றே நம்பினேன். அவர்களிடம் போய்க் கேட்டும் வந்தேன்.

டின்னிட்டஸுக்கு (காது இரைச்சலுக்கு டாக்டர்கள் வைத்த பெயர்) என்று பொதுவாகச் சொல்லும் யோசனைகளில் சில இந்த வகைக்குப் பொருந்துவதில்லை. புதிதாக இது தொடங்கி, ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: சத்தம் உள்ளேயா, வெளியேயா?

கூர்மையான சத்தம் என்றால் காதுதான் என்று சீக்கிரம் புரிந்துவிடும். உறுமல் அப்படி இல்லை, அது நிஜமாகவே வெளியிலிருந்து வரலாம். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. எண் குறைந்தால் சத்தம் தாழும். டிரான்ஸ்பார்மர் அதன் இரு மடங்கில், அதாவது 100 ஹெர்ட்ஸில் முனகும். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், போர்வெல் மோட்டார் எல்லாமே இந்தத் தாழ்ந்த பக்கம்தான்.

ஒரு நாள் இரவு மெயின் சுவிட்சை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் சேர்த்து. ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். அப்போதும் கேட்டால் அது தெருச் சத்தமாக இருக்கலாம், அதனால் இன்னும் முடிவு செய்ய வேண்டாம். அடுத்த முறை வேறு ஊரில் தங்கும்போது கவனியுங்கள். அங்கேயும் அதே உறுமல் கூடவே வந்தால் அது உங்கள் காதுக்குள் இருப்பதுதான்.

விரலால் காதை அடைத்துச் சோதிக்காதீர்கள். கைத் தசைகளின் மெல்லிய அதிர்வே ஒரு குமுறலாகக் கேட்டுக் குழப்பிவிடும். போனில் ரெக்கார்ட் செய்து பார்ப்பதையும் நம்ப வேண்டாம். அவ்வளவு தாழ்ந்த சத்தம் பதிவானாலும் போன் ஸ்பீக்கரில் திரும்ப வராது.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் டாவ்ஸ் என்ற ஊரில் சிலருக்கு இதே மாதிரி உறுமல் கேட்டது. ஆய்வாளர்கள் கருவிகளோடு போய்த் தேடினார்கள். அதற்குக் காரணமான சத்தம் எதுவும் வெளியே அகப்படவில்லை. அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை என்று நிம்மதி வந்தது.

படி 2: காது மூக்கு தொண்டை டாக்டர்

இதைத் தள்ளிப்போடவே கூடாது. காதில் அழுக்கு அடைத்திருப்பது, நடுக்காதில் நீர் கோத்திருப்பது, காதின் குட்டி எலும்பு இறுகிப்போவது என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. உறுமலோடு காது அடைத்த மாதிரி இருப்பது, அவ்வப்போது அறையே சுழல்வது, கேட்கும் திறன் ஏறி இறங்குவது மூன்றும் சேர்ந்து வந்தால் டாக்டர் மெனியர் நோயைச் சந்தேகிப்பார். 1861-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. அது உறுதியானால் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

ஆடியோகிராம் (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் காதுப் பரிசோதனை) எடுத்தால் அந்த வரைபடத்தில் 250, 500 ஹெர்ட்ஸ் புள்ளிகளைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். எனக்கு இடது காதில் அந்த இரண்டும் கொஞ்சம் இறங்கியிருந்தன. ஒரு காதில் மட்டும் என்பதால் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொன்னார் டாக்டர். அதில் எதுவும் இல்லை.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள், நாள் கடந்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும். முகம் ஒரு பக்கம் கோணினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நாடித்துடிப்போடு ஒத்து ‘தும் தும்’ என்று கேட்டாலும் டாக்டரிடம் காட்டித் தீர வேண்டும்.

அப்புறம், வீட்டுப் பெரியவர்கள் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடச் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனாலும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே உள்ளே போகும். பட்ஸும் வேண்டாம், அது அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

படி 3: உங்கள் சுருதி எது?

டோன் ஜெனரேட்டர் (நாம் சொல்லும் ஹெர்ட்ஸில் ஒரே சுருதியை ஒலிக்கும்) செயலி ஒன்றை இறக்கி, ஹெட்போன் மாட்டி, மிகக் குறைந்த ஒலியில் 50 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். உறுமலோடு ஒத்துப்போகும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 110 பக்கம் வந்தது. இரட்டிப்பான எண்ணோடு குழம்புவது சகஜம். கீழ் சட்ஜமும் மேல் சட்ஜமும் ஒன்றுபோல் தோன்றுவது மாதிரிதான் இது.

படி 4: துணைச் சத்தம்

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். போனில் மழைச் சத்தம் போட்டுப் படுத்தேன். மேலே ‘சர்’ என்று மழை, அடியில் உறுமல் அப்படியே இருந்தது. காரணம் எளிது. போனின் குட்டி ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. தாழ்ந்த இரைச்சலுக்குத் துணையாக நிற்க அதே தாழ்ந்த பகுதியில் சத்தம் வேண்டும்.

அதனால் கொஞ்சம் பெரிய ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை, குறைந்தது ஒரு சொம்பு அளவாவது இருப்பதை, அறை மூலையில் தரையில் வையுங்கள். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி கூடுதலாகத் திரண்டு வரும். அதில் ‘பிரவுன் நாய்ஸ்’ போடுங்கள். பழுப்பு நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியல் அறிஞரின் பெயரால் வந்தது. தூரத்து அருவி மாதிரி கேட்கும்.

ஒலி அளவைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். உறுமலும் அருவியும் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும் இடம் வரும். அதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். உறுமலை மூழ்கடிக்க ஆசையாக இருக்கும், செய்யாதீர்கள். காது இரைச்சலை ஆராய்ந்த பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் 1990-இல் முன்வைத்த கருத்தும், அதிலிருந்து வளர்ந்த பயிற்சி முறையும் இதைத்தான் வலியுறுத்துகின்றன: மூளை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ‘இது ஆபத்தில்லை’ என்று விட்டுவிடப் பழக வேண்டும். முழுக்க மறைத்துவிட்டால் பழகுவதற்கு எதுவும் இருக்காது.

காதடைப்பான் மாட்டிக்கொண்டு தூங்குவது இதற்கு நேர் எதிர். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் நல்ல செவித்திறன் உள்ள 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டது. அமைதி கூடினால் காது தேட ஆரம்பித்துவிடும்.

ஸ்பீக்கர் வாங்க முடியாதவர்களுக்கு ஃபேன் போதும். காற்றின் இரைச்சல் வரும் ஃபேனாக இருக்கட்டும். ஒரே சுருதியில் முனகும் பழைய ஃபேன் எரிச்சலைத்தான் கூட்டும்.

படி 5: மூன்று மணிக்கு விழித்துக்கொண்டால்

விழித்ததும் ‘இன்னும் இருக்கிறதா?’ என்று காதைத் தீட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலையாக இருக்கும். அந்தப் பழக்கத்தை விட எனக்கு மூன்று மாதம் ஆனது. ஏறக்குறைய இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போங்கள். மங்கலான வெளிச்சத்தில் துணி மடியுங்கள், வெண்டைக்காய் நறுக்குங்கள், எதுவானாலும் சரி, போன் மட்டும் வேண்டாம். கண் சொருகும்போது திரும்பி வாருங்கள். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள்.

இரைச்சல் இன்று எவ்வளவு என்று தினமும் மதிப்பெண் போடாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் தூங்கிய நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

நான்காவது மாதத்தில் ஒரு நடுராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றது. ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை. விழித்தேன், உறுமல் கேட்டது, புழுக்கமாகவும் இருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். அடுத்து நான் கண் திறந்தபோது பால்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார்.