நீதிபதியின் பதவி நிலைக்குமா, போகுமா: அரசியலமைப்பை வைத்துச் சரிபார்க்கும் முறை

"நீதிபதியைப் பதவி நீக்கக் கோரி நோட்டீஸ்" என்று செய்தி வந்தவுடன் எல்லோரும் கேட்பது, எத்தனை ஓட்டு வேண்டும் என்பதைத்தான். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வந்தால் போதும். அவர் எந்த நீதிமன்றத்து நீதிபதி, நிரந்தர நீதிபதியா கூடுதல் நீதிபதியா, பதவி எந்த வழியில் போகப்போவதாகச் சொல்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் எழுதும்போதுதான் செய்தியிலும் சட்டக் கல்லூரி விடைத்தாளிலும் பிழை வருகிறது. பக்கத்தில் அரசியலமைப்பின் பிரதி ஒன்றையும் 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டத்தையும் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

எந்த நீதிபதி?

மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி, நீதித்துறை நடுவர் ஆகியோருக்கு நாடாளுமன்றத் தீர்மானம் தேவையே இல்லை. அவர்கள் பிரிவு 235இன்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். ஒழுங்கு நடவடிக்கை, விசாரணை, பணிநீக்கப் பரிந்துரை எல்லாம் அங்கேயே நடக்கும். நாடாளுமன்றம் தலையிடுவது உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விஷயத்தில் மட்டும்தான். உச்ச நீதிமன்றத்துக்குப் பிரிவு 124. அதன் 4, 5ஆம் கூறுகளைப் பிரிவு 218 அப்படியே உயர் நீதிமன்றங்களுக்கும் பொருத்துகிறது.

அடுத்து நியமன அறிவிக்கையைப் பாருங்கள். "கூடுதல் நீதிபதி" என்று இருந்தால் அது பிரிவு 224இன் கீழ் வந்த பதவி, அதிகபட்சம் 2 ஆண்டு. அந்தக் காலம் முடியும்போது நீட்டிப்போ நிரந்தர நியமனமோ வராவிட்டால் பதவி தானாக முடிந்துவிடும். குற்றச்சாட்டு, விசாரணை, வாக்கெடுப்பு எதுவும் இருக்காது. நிரந்தர நீதிபதிக்குக் கோட்டைச் சுவராக இருக்கும் பிரிவு 124(4), கூடுதல் நீதிபதியின் காலம் முடியும் நாளில் அவருக்கு உதவாது.

இது வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. நெருக்கடி நிலையின்போது பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரைக் காவலில் வைத்ததை எதிர்த்த வழக்கை 1975இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ரங்கராஜன், ஆர்.என். அகர்வால் இருவரும் விசாரித்தார்கள். முடிவு அரசுக்குப் பிடிக்கவில்லை. ரங்கராஜன் நிரந்தர நீதிபதி என்பதால் அவரைக் குவாஹாட்டிக்கு இடமாற்றம் செய்தார்கள். அகர்வால் கூடுதல் நீதிபதி. அவரை நிரந்தரமாக்காமல் அமர்வு நீதிபதியாகத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே அமர்வில் உட்கார்ந்த இருவருக்கும் நேர்ந்த கதி வேறு வேறாக இருந்ததற்குக் காரணம் அவர்களின் நியமன வகைதான். நீதித்துறைச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது பதவி நீக்கத் தீர்மானத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பதவிக்கு ஆபத்து சத்தமில்லாத வழிகளில்தான் அதிகம்.

இடமாற்றம் பிரிவு 222இன் கீழ் வருவது. அதனால் ஒருவர் நீதிபதியாக இல்லாமல் போவதில்லை. பழைய நீதிமன்றத்தில் வகித்த பதவி காலியாகிறது, அவ்வளவே. உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டாலும் அப்படித்தான். பிரிவு 217(1)(இ)ஐப் பாருங்கள். 1976இல் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகளை அரசு இப்படி மாற்றியது. 1993ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, நியமனத்திலும் இடமாற்றத்திலும் இந்தியத் தலைமை நீதிபதி தலைமையிலான மூத்த நீதிபதிகளின் கருத்தே மேலோங்கி நிற்கிறது.

வயதைக் கணக்கிடுவது

உச்ச நீதிமன்றத்துக்கு 65, உயர் நீதிமன்றத்துக்கு 62. உயர் நீதிமன்ற வயது முதலில் 60தான். 1963இல் 15ஆம் திருத்தம் அதை 62 ஆக்கியது. பழைய தீர்ப்புகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அரசு ஊழியர் பொதுவாக மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுவார். நீதிபதிக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த வயது நிறையும் பிறந்தநாளுக்கு முந்தைய நாளே பதவியின் கடைசி நாள். தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் 1959 நவம்பர் 11இல் பிறந்தவர்; 2024 நவம்பர் 10இல் பதவி முடிந்தது. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாகவோ விடுமுறையாகவோ இருந்தால் பிரிவுபசாரம் முன்கூட்டியே நடந்துவிடும். பிரிவுபசாரம் நடந்த தேதியை ஓய்வுத் தேதி என்று எழுதிவிடாதீர்கள்.

பிறந்த தேதியிலேயே தகராறு வந்தால்? உயர் நீதிமன்ற நீதிபதியானால், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்துக் குடியரசுத் தலைவர் எடுக்கும் முடிவே இறுதி, பிரிவு 217(3). கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜே.பி. மித்தரின் வயது பற்றி எழுந்த வழக்குதான் இந்தக் கூறைப் புரிந்துகொள்ள அடிப்படை. முடிவெடுக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு மட்டுமே, அரசாங்கத்தில் வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ராஜினாமா

குடியரசுத் தலைவருக்கு முகவரியிட்டு, தன் கையெழுத்திட்டு எழுத வேண்டும். யாரும் ஏற்க வேண்டியதில்லை. "ராஜினாமா ஏற்கப்பட்டது" என்ற சொற்றொடர் பழக்கத்தில் வந்ததே தவிர, சட்டத்தின் தேவை அல்ல.

கடிதத்தில் தேதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே 7இல் கடிதம் எழுதினார். ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாகக் குறிப்பிட்டிருந்தார். ஜூலை 15இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எழுதிய பிறகு எப்படித் திரும்பப் பெறலாம் என்று வழக்கு போனது. குறிப்பிட்ட நாள் வரும்வரை திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்காலத் தேதி போட்ட கடிதம் வந்திருக்கும்போது "நீதிபதி பதவி விலகினார்" என்று எழுதாமல் "விலகுவதாகத் தெரிவித்தார்" என்று எழுதுவதே சரி.

பதவி நீக்கத் தீர்மானம்

காரணங்கள் இரண்டே: நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை, அல்லது இயலாமை. "நிரூபிக்கப்பட்ட" என்ற சொல்லில்தான் எடை முழுவதும் இருக்கிறது. அதை நிரூபிக்கும் வழியைத்தான் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வகுக்கிறது.

தொடக்கம் கையெழுத்து. மக்களவையில் 100 பேர், அல்லது மாநிலங்களவையில் 50 பேர். நோட்டீஸ் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறும். கையெழுத்திட்டவர் அன்றைக்கு உறுப்பினராக இருக்க வேண்டும். 2018இல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா மீதான நோட்டீஸில் 71 கையெழுத்துகள் இருந்தன; அவர்களில் 7 பேர் ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்ததால் கணக்கில் வந்தவை 64. எண்ணிக்கை போதுமானதாகவே இருந்தது, ஆனால் மாநிலங்களவைத் தலைவர் வெங்கய்ய நாயுடு ஏப்ரல் 23இல் அதை ஏற்க மறுத்தார். ஆகவே கையெழுத்து சேர்ந்துவிட்டது என்பதற்கும் தீர்மானம் ஏற்கப்பட்டது என்பதற்கும் இடையே ஓர் அதிகாரியின் முடிவு நிற்கிறது. ஆவணங்களைப் பார்த்து, தேவையானவர்களைக் கலந்தாலோசித்து, ஏற்கவும் மறுக்கவும் சபாநாயகருக்கும் மாநிலங்களவைத் தலைவருக்கும் அதிகாரம் உண்டு. இன்னொரு சிக்கல், கையெழுத்திட்டவர்கள் பின்வாங்குவது. தெலங்கானா–ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மீதான நோட்டீஸ் அப்படித்தான் 50க்குக் கீழே இறங்கி விழுந்தது.

இரண்டு அவையிலும் நோட்டீஸ் கொடுத்திருந்தால் தேதியைப் பாருங்கள். ஒரே நாளில் கொடுத்திருந்தால், இரு அவையிலும் ஏற்கப்பட்ட பிறகே, சபாநாயகரும் மாநிலங்களவைத் தலைவரும் சேர்ந்து ஒரே விசாரணைக் குழுவை அமைப்பார்கள். வெவ்வேறு நாளில் கொடுத்திருந்தால் பிந்தியது தள்ளுபடி.

குழுவில் 3 பேர்: உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒருவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளில் ஒருவர், சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ தேர்ந்தெடுக்கும் சிறந்த சட்ட அறிஞர் ஒருவர். குழு திட்டவட்டமான குற்றச்சாட்டுகளை வரையும், அதற்கான ஆதாரக் குறிப்போடு நீதிபதிக்கு அனுப்பும், எழுத்துமூலம் பதில் சொல்ல அவகாசம் தரும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. உடல், மன இயலாமை பற்றிய புகாரானால் மருத்துவக் குழுவின் பரிசோதனை நடக்கும். நீதிபதி பரிசோதனைக்கு மறுத்தால் அதை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளலாம்.

குற்றம் இல்லை என்று குழு சொன்னால் தீர்மானம் அத்தோடு முடிந்தது. எத்தனை உறுப்பினர்கள் விரும்பினாலும் அவையில் எடுக்க முடியாது. குற்றம் உண்டு என்று சொன்னால்தான் விவாதம், வாக்கெடுப்பு. இதிலுள்ள ஞானத்தை நான் மதிக்கிறேன்: அரசியல்வாதிகள் தனியாக நீதிபதியை விரட்ட முடியாது, நீதிபதிகள் தனியாகவும் விரட்ட முடியாது.

மக்களவை கலைந்தால்? தீர்மானம் காலாவதியாகாது. 1991இல் நீதிபதி வி. ராமசாமி மீதான நோட்டீஸை சபாநாயகர் ரவி ராய் ஏற்ற மறுநாளே மக்களவை கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம், இது சாதாரண அவை நடவடிக்கை போன்றது அல்ல, கலைப்போடு சாகாது என்று தீர்த்தது.

ஓட்டை எண்ணுவது

ஒவ்வோர் அவையிலும் இரண்டு பெரும்பான்மையும் ஒருசேர வேண்டும். மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்கு மேல்; அதோடு, வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல். காலியிடம் இருந்தாலும் மொத்த எண்ணிக்கை குறையாது. 543 பேர் கொண்ட மக்களவையில் முதல் கணக்கு 272. 245 பேர் கொண்ட மாநிலங்களவையில் 123.

இப்போது இரண்டாவதைச் சேருங்கள். மக்களவையில் 272 பேர் ஆதரித்து 136 பேர் எதிர்த்தால் சரியாக மூன்றில் இரண்டு, தீர்மானம் நிறைவேறும். எதிர்ப்பு 137 ஆனால் அதே 272 போதாது. 543 பேரும் வாக்களித்தால் 362 தேவை. மாநிலங்களவையில் 123 ஓட்டோடு நிறைவேற வேண்டுமானால் எதிர்ப்பு 61ஐத் தாண்டக் கூடாது.

வாக்களிக்காமல் உட்கார்ந்திருப்பவர் இரண்டாவது கணக்கில் சேர மாட்டார். ஆனால் முதல் கணக்கில் அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டதற்குச் சமம். 1993 மே 11இல் மக்களவையில் நடந்தது இதுதான். ராமசாமி மீதான 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகக் குழு சொல்லியிருந்தது. ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, வாக்களிக்காதவர்கள் 205. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு நூறு ஆதரவு. ஆனாலும் மொத்த உறுப்பினர்களில் பாதியைத் தாண்ட 270க்கு மேல் தேவைப்பட்டதால் தீர்மானம் தோற்றது. பொறுப்பை எந்தப் பக்கமும் ஏற்காமல், ஒரு நீதிபதியைக் காப்பாற்ற மௌனம் போதுமாக இருந்தது. நாடாளுமன்ற வரலாற்றில் இதைவிட வருத்தமான எண்கள் அதிகம் இல்லை.

இரு அவையும் ஒரே கூட்டத்தொடரில் நிறைவேற்றி, நீதிபதியை நீக்கும்படி கேட்கும் வேண்டுரையைக் குடியரசுத் தலைவரிடம் சேர்க்க வேண்டும். அவர் ஆணை பிறப்பித்த பிறகே பதவி போகிறது. ஆணை வந்த பிறகு நீதிபதி நீதிமன்றத்தை நாடலாம். அதற்கு முன் இடையில் புகுந்து குழுவின் அறிக்கையைக் கேட்டு வழக்காட முடியாது என்பது 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

நடுவில் ராஜினாமா வந்தால் எல்லாம் நின்றுவிடும். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் மீதான தீர்மானத்தை 2011 ஆகஸ்ட் 18இல் மாநிலங்களவை நிறைவேற்றியது; மக்களவை எடுக்கும் முன் செப்டம்பர் 1இல் அவர் விலகினார். ஆகவே "மாநிலங்களவை நீக்கிவிட்டது" என்று யாராவது எழுதினால் அது தவறு.

புகார் கொடுக்க நினைப்பவருக்கு

குடிமக்கள் நேரடியாக நீக்கத் தீர்மானம் கொண்டுவர முடியாது. சட்டமன்ற உறுப்பினரிடம் போவதிலும் பயனில்லை. பிரிவு 211, நீதிபதியின் நடத்தையை மாநிலச் சட்டமன்றம் பேசவே கூடாது என்கிறது. நாடாளுமன்றத்திலும் நீக்கத் தீர்மானத்தின்போது மட்டுமே பேசலாம், பிரிவு 121.

தீர்ப்பு தவறு என்றால் அதற்கு வழி மேல்முறையீடு, அல்லது சீராய்வு மனு. தவறான தீர்ப்பைத் தவறான நடத்தை என்று எழுதி அனுப்பும் புகார்கள் படித்ததும் ஒதுக்கப்படுகின்றன. நடத்தை பற்றியதென்றால், உயர் நீதிமன்ற நீதிபதிக்கு எதிராக அந்த நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கோ இந்தியத் தலைமை நீதிபதிக்கோ எழுதலாம். 1999 முதல் நடைமுறையில் உள்ள உள்விசாரணை முறையில், புகாரில் பொருள் இருந்தால் 3 நீதிபதிகள் கொண்ட குழு விசாரிக்கும். கடுமையான குற்றம் என்று கண்டால் விலகும்படி சொல்லலாம். மறுத்தால் வழக்கு ஒதுக்காமல் நிறுத்திக் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் தெரிவிக்கலாம். இந்தக் குழு யாரையும் பதவியிலிருந்து நீக்காது. சம்பளமும் குறையாது, நியமனத்துக்குப் பின் நீதிபதிக்குப் பாதகமாக ஊதியத்தை மாற்றப் பிரிவுகள் 125, 221 தடை விதிக்கின்றன. பிரிவு 360இன் கீழ் நிதி நெருக்கடி அறிவிக்கப்பட்டால் மட்டுமே விதிவிலக்கு.

லஞ்சப் புகார் இன்னொரு தடம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமி வழக்கில், நீதிபதியும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்ட பொது ஊழியரே என்று 1991இல் தீர்ப்பானது. ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது.

நியமனமே தகுதியில்லாதது என்றால், பிரிவு 217(2)இல் உள்ள 10 ஆண்டுத் தகுதியைச் சோதியுங்கள். அது இல்லையென்று காட்ட முடிந்தால் நீக்கத் தீர்மானம் வேண்டாம், நீதிமன்றமே நியமனத்தை ரத்து செய்யலாம். குவாஹாட்டி உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட ஒருவரின் நியமனத்தை, அவர் உறுதிமொழி எடுக்கும் முன்பே 1992இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது அப்படித்தான்.

புகாரில் தேதி, வழக்கு எண், நடந்தது என்ன, யார் பார்த்தார்கள், எந்த ஆவணம் என்பதை வரிசையாக எழுதுங்கள். பெயரடைகளை விட்டுவிடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொண்டு, பெற்றதற்கான சான்றோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.